உரையாடலற்ற பொம்மைக்கட்டை அசைவூட்டத்தில் ஒத்துப்போதல் என்னும் கருத்து: மெய்ப்பாடு, உள்ளுறை நோக்கில் மரக்காணம் உப்பளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே வடிவிலான பொம்மைக்கட்டைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்து, அவை தாமே அசைவதுபோலக் காட்டும் ‘ஸ்டாப் மோஷன்’ குறும்படங்களில் அடிக்கடி கையாளப்படும் கருப்பொருள்களுள் ஒன்று, கூட்டத்தோடு ஒத்துப்போதல். பேச்சின்றி இக்கருத்து எவ்வாறு உணர்த்தப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் உள்ளுறைக் கோட்பாடும் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. கட்டை என்னும் ஊடகம் பொருந்துதலையே தன் இயல்பாகக் கொண்டது. ஆதலின், பொருந்துதல் முழுவதையும் பழிக்கும் படம் தன் ஊடகத்தோடு முரண்படுகிறது. இயைதலையும் ஒடுங்குதலையும் வேறுபடுத்திக் காட்டும் படமே பொருள் நிறைவு பெறுகிறது என்பது கட்டுரையின் கருதுகோள். இதனை விளக்க, மரக்காணம் கடற்கரை உப்பளத்தை நிலைக்களமாகக் கொண்ட காட்சித்திட்டம் ஒன்று முன்மொழியப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், பொம்மைக்கட்டை, ஒத்துப்போதல், இயைதல், மெய்ப்பாடு, உள்ளுறை, நெய்தல், மரக்காணம்.

1. முன்னுரை

பாவைக்கூத்து மரபு தமிழுக்குப் புதிதன்று. தோற்பாவையும் மரப்பாவையும் இன்றும் ஆடப்படுகின்றன. ஆயினும் அவை குரலை நம்பி நிற்பவை. பாடலும் உரையாடலும் நீங்கின் பாவையின் அசைவு பொருளற்றுப் போகும். உரையாடலற்ற அசைவூட்டத்தில் நிலைமை நேர்மாறானது. பாவைக்குக் குரல் இல்லை, கயிறும் இல்லை, ஆட்டுவோன் கையும் திரைக்கு வருவதில்லை. அசைவு ஒன்றே எஞ்சுகிறது.

திருக்குறள் மரப்பாவையை இருமுறை உவமையாக்குகிறது. 1020ஆம் குறளில், அகத்தே நாணம் இல்லாதவரின் இயக்கம் கயிற்றால் உயிருள்ளதுபோல் மயக்கும் பாவையின் இயக்கத்திற்கு ஒப்பாக்கப்படுகிறது. 1058ஆம் குறளில், இரப்பவர் இல்லாத உலகின் இயக்கம் பாவையின் போக்குவரவாகக் காட்டப்படுகிறது. இரண்டிலும் பாவையின் குறை ஒன்றே: அசைவு உண்டு, அசைவுக்குரிய அகம் இல்லை. பிறர் செய்வதால் தானும் செய்யும் மனிதனைச் சித்திரிக்கப் பாவை பொருத்தமான உருவாவதற்கு இதுவே காரணம். அகமில்லாத பொருளைக்கொண்டு அகத்தின் தயக்கத்தை எப்படிக் காட்டுவது என்பதே இக்கலை எதிர்கொள்ளும் சிக்கல். இக்கட்டுரை அச்சிக்கலை மையமாகக் கொள்கிறது.

2. ஒத்துப்போதலும் இயைதலும்

ஒத்துப்போதலை உளவியல் அளவிட்டுக் காட்டிய ஆய்வுகளுள் புகழ்பெற்றது, அமெரிக்காவில் சாலமன் ஆஷ் 1950களில் நிகழ்த்திய கோட்டுச் சோதனை. ஒரு கோட்டின் நீளத்திற்கு நிகரான கோடு மூன்றனுள் எது என்று கூறுதலே பணி. அறையில் இருந்தவருள் ஒருவரைத் தவிர ஏனையோர் ஆய்வாளரின் ஏற்பாட்டின்படி வேண்டுமென்றே தவறாக விடை கூறினர். 1956இல் வெளியான அறிக்கையின்படி 123 பேர் சோதிக்கப்பெற்றனர். 18 சுற்றுகளுள் 12இல் கூட்டம் தவறான விடையைக் கூறியது. அச்சுற்றுகளில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு விடைகள் கூட்டத்தின் தவற்றைப் பின்பற்றின. முக்கால் பங்கினர் ஒருமுறையேனும் பின்பற்றினர். கூட்டத்தில் இன்னும் ஒருவர் சரியான விடையைக் கூறியபோதோ, பின்பற்றுதல் பெரிதும் குறைந்தது. இச்செய்தி பின்னர்க் காட்சித்திட்டத்தில் பயன்கொள்ளப்படும்.

தமிழ் அறநூல் மரபு இவ்விடத்தில் ஒரு சிக்கலை முன்வைக்கிறது. குறள் 140, உலகத்தோடு பொருந்தி நடக்க அறியாதவர் பல கற்றும் அறிவிலார் என்கிறது. அறிவுடைமை அதிகாரத்தில் அமைந்த குறள் 426, உலகம் நடக்கும் நெறியில் அதனோடு நடத்தலை அறிவு என்கிறது. அதே அதிகாரத்தில், மூன்று குறள்களுக்கு முன்னர், 423ஆம் குறள் எவர் கூறினும் கூறப்பட்டதன் மெய்ம்மையைத் தானே காண்பது அறிவு என்கிறது. ஒரே அதிகாரம் உலகோடு பொருந்துதலையும் உலகின் சொல்லை ஆராய்தலையும் அறிவின் இலக்கணமாக்குகிறது.

இதனை முரண் எனக் கொள்ள வேண்டுவதில்லை. 140ஆம் குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், உலகம் என்பதற்கு உயர்ந்தோர் எனப் பொருள்கொண்டு, அறநூல்கள் கூறியவற்றுள் தம் காலத்திற்கு ஏலாதனவற்றை ஒழித்து, கூறாதனவற்றுள் ஏற்பனவற்றைக் கொள்ளுதலையும் அதனுள் அடக்குகிறார். அவ்வாறாயின் பொருந்துதல் என்பது தெரிவுசெய்து பொருந்துதலே. இக்கட்டுரை அதனை ‘இயைதல்’ எனக் குறிக்கிறது. ஆராய்ச்சியின்றியும் அச்சத்தாலும் நிகழும் பொருந்துதல் ‘ஒடுங்குதல்’ எனப்படுகிறது. ‘ஒத்துப்போதல்’ என்பது இரண்டிற்கும் பொதுச்சொல். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே வேறுபாட்டைக் காட்சியாக்குதல் எளிதன்று.

3. பொருள்கள் நடிக்கும் படங்கள்

உயிரற்ற பொருளை அசையச் செய்யும் முயற்சி இந்தியத் திரைப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. தாதாசாகேப் பால்கே தம் முதல் கதைப்படத்திற்கு முன்னரே பட்டாணிச் செடி ஒன்றன் வளர்ச்சியைச் சிறிது சிறிதாகப் படம்பிடித்துக் காட்டினார். 1915இல் தீக்குச்சிகளை அசைவித்தும் ஒரு குறும்படம் அமைத்தார். ஒன்றற்கொன்று வேற்றுமை இல்லாத குச்சிகள் திரையில் உருவங்களாகக் கூடிப் பிரிவது, பின்வந்த பொம்மைக்கட்டைப் படங்களுக்கு முன்னோடி எனக் கருதத்தக்கது.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு தொடர்புடைய இஷு பட்டேல், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திற்காக 1977இல் ‘பீட் கேம்’ என்னும் படத்தை உருவாக்கினார். ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பெற்ற இப்படத்தில் பேச்சு இல்லை. தாள இசை உண்டு. சிறு மணிகள் கூடி உயிரியாகின்றன. அவ்வுயிரியை அடுத்தது விழுங்குகிறது. வரிசை மனிதப் போர்வரை நீள்கிறது. விழுங்குவதும் விழுங்கப்படுவதும் ஒரே வகை மணிகளால் ஆனவை. பகைவன் வேறொரு பொருளால் ஆனவன் அல்லன் என்பதை எவரும் சொல்லவில்லை, மணியே சொல்கிறது.

ஒத்துப்போதலை நேரே பொருளாகக் கொண்ட பேச்சற்ற படங்களுள் இரண்டு இங்கு ஒப்பிடத்தக்கவை. செக் நாட்டு இயக்குநர் யிர்சி திரங்காவின் ‘கை’ (1965) என்னும் பாவைப்படத்தில், தன் செடிக்குத் தொட்டி வனையும் எளிய கலைஞன் ஒருவனிடம் மாபெரும் கை ஒன்று வந்து தன் சிலையையே வடிக்கச் சொல்கிறது. மறுத்தவன் பொற்கூண்டில் அடைபடுகிறான்; தப்பித்தும் உயிர் துறக்கிறான்; அதே கை அவனுக்குச் சிறப்பான இறுதிச் சடங்கு நடத்துகிறது. திரங்கா 1969இல் மறைந்தபின் இப்படம் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. சொல் ஒன்றும் இல்லாத படத்தை அரசு தெளிவாகவே விளங்கிக்கொண்டது என்பதற்கு அத்தடை சான்றாகிறது.

செருமானியச் சகோதரர் கிறிஸ்டோஃப், வொல்ஃப்காங் லாவன்ஸ்டைன் ஆகியோரின் ‘பேலன்ஸ்’ (1989) ஆஸ்கர் விருது பெற்றது. வெளியில் மிதக்கும் ஒரு தட்டின்மேல் ஒரே தோற்றமுடைய ஐவர் நிற்கின்றனர். முதுகில் உள்ள எண்ணே அவர்களை வேறுபடுத்துகிறது. ஒருவர் நகர்ந்தால் தட்டுச் சாயாதிருக்க ஏனையோரும் நகர வேண்டும். ஒரு பெட்டி கிடைத்ததும் ஒவ்வொருவரும் அதை விழைய, ஒருவரையொருவர் தள்ளிவிடுகின்றனர். இறுதியில் எஞ்சிய ஒருவர் ஒரு மூலையிலும் பெட்டி எதிர் மூலையிலும் நிற்கின்றன. அவர் அசைந்தால் எல்லாம் கவிழும்.

இவ்விரண்டும் எதிரெதிரான நிலைப்பாடுகள். ‘கை’ காட்டும் அழுத்தம் மேலிருந்து வருவது, எதிர்ப்பவன் போற்றத்தக்கவன். ‘பேலன்ஸ்’ காட்டும் அழுத்தம் பக்கத்திலிருந்து வருவது. பொருந்தி நகர்தலே ஐவரையும் உயிரோடு வைத்திருந்தது. முன்னையது ஒடுங்குதலைப் பழிக்கிறது. பின்னையது இயைதலின் இழப்பைக் காட்டுகிறது. ஒரே படத்துள் இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட இயலுமா என்பது எஞ்சிய வினா. பொம்மைக்கட்டை என்னும் பொருள் அதற்கு வழியமைக்கிறது.

4. கட்டையின் இலக்கணம்

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் இன்று வழங்கும் கட்டையின் பொருத்துமுறைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரியது. மேற்புறக் குமிழ்களும் உட்புறக் குழல்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே அம்முறை. அன்று வார்த்த கட்டை இன்று வார்க்கும் கட்டையோடும் பொருந்தும். பசையோ ஆணியோ வேண்டுவதில்லை. அழுத்தினால் பற்றும், இழுத்தால் விடும்.

எட்டுக் குமிழ்களும் ஒரே நிறமும் உடைய கட்டைகள் இரண்டை 24 வகையாக இணைக்கலாம். மூன்றை 1,060 வகையாக இணைக்கலாம். ஆறனை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 வகையாக இணைக்கலாம் எனக் கணித முறையில் கணக்கிடப்பட்டுள்ளது. அலகு ஒன்றாயிருத்தல் அமைப்பு ஒன்றாயிருத்தலுக்குக் காரணமாவதில்லை. பன்மையைத் தோற்றுவிப்பதே அலகின் ஒருமைதான். ‘எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்’ என்னும் தொடர் தமிழில் இகழ்ச்சிப் பொருளில் வழங்கும். கட்டையுலகில் அஃது ஆக்கத்தின் முன்தேவை.

இணைப்பு விடுபடத்தக்கதாக இருப்பது இங்கு மிக முக்கியமானது. 2014இல் வெளிவந்த ‘லெகோ மூவி’ கணினி அசைவூட்டத்தால் ஸ்டாப் மோஷன் போலத் தோன்றுமாறு அமைந்தது, உரையாடல் மிக்கது. அதில் எதிர்நாயகனின் திட்டம், உலகம் முழுவதையும் பசையால் ஒட்டி அசைவற்றதாக்குவது. ஒத்துப்போதலின் கொடுமை கட்டைகள் பொருந்தியிருப்பதில் இல்லை, பிரிய இயலாமற் போவதில் உள்ளது என்பதை அப்பசை தெளிவாக்குகிறது. பிரியத்தக்க பிணைப்பு இயைதல். பிரிய இயலாத பிணைப்பு ஒடுங்குதல். இவ்வளவு பேச்சு நிறைந்த படத்திலும் கருத்தை நிலைநாட்டுவது பசையென்னும் பொருளே என்பது நோக்கத்தக்கது.

கட்டைப் படங்களின் வரலாறு பெரும்பாலும் இல்லங்களில் தொடங்கியது. டென்மார்க்கில் லார்ஸ் ஹாசிங், ஹென்ரிக் ஹாசிங் என்னும் சிறுவர் 1973இல் எடுத்த நிலவுப் பயணப் படம் அறியப்பட்டவற்றுள் மிக முந்தியது. ஆஸ்திரேலியாவின் லிண்ட்சே ஃப்ளே 1989இல் ‘மேஜிக் போர்ட்டல்’ என்னும் படத்தை நிறைவுசெய்தார். பெரிய அரங்கோ மிகுந்த பொருட்செலவோ வேண்டாத இக்கலைக்குப் பொறுமையே முதல். நொடிக்கு 12 படம் என்னும் அளவில் ஒரு நிமிடத்திற்கு 720 படங்களும் ஐந்து நிமிடத்திற்கு 3,600 படங்களும் வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் முன் ஒரு கை கட்டையைத் தொட்டு நகர்த்துகிறது. திரையில் தன்னியக்கமாகத் தோன்றும் ஒவ்வோர் அசைவும் ஒரு தெரிவின் விளைவாகும்.

5. உரையாடல் இல்லாத இடத்தில் மெய்ப்பாடு

உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. தொல்காப்பியம் நகை முதல் உவகை ஈறாக எட்டினைக் கூறி, ஒவ்வொன்றற்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. ஒத்துப்போதல் பற்றிய படங்களின் உணர்ச்சி அமைப்பை அந்நிலைக்களன்களைக்கொண்டு நுட்பமாகப் பகுக்கலாம்.

அச்சத்தின் நிலைக்களன்களுள் ஒன்று, தம்மை ஆளும் இறை. ‘கை’ படத்தின் உணர்ச்சி அதன்கண் தோன்றுவது. பக்கத்திலிருந்து வரும் அழுத்தமோ பெரிதும் அச்சத்தின்பாற் பட்டதன்று. நகையின் நிலைக்களனாகிய எள்ளல் அதனுள் நிற்கிறது: பிறர் எள்ளுவர் என்னும் எண்ணமே ஒருவனைக் கூட்டத்தோடு நிறுத்துகிறது. தன் பழைய நிலை கெடுதலாகிய அசைவு அழுகைக்கு நிலைக்களன். தனித்து நின்றவன் தன் இடத்தை இழக்கும் காட்சி அதன்பாற்படும். பெருமிதத்தின் நிலைக்களனாகிய தறுகண் எதிர்த்து நிற்றலுக்குரியது. எனவே இத்தகைய படத்தை ‘அச்சத்திலிருந்து பெருமிதத்திற்கு’ என ஒரே கோட்டில் வரைவது குறைபாடுடையது. எள்ளலையும் அசைவையும் கடந்தே தறுகண் தோன்றுகிறது.

இவற்றைப் பொம்மை எவ்வாறு காட்டும்? 1978இல் இன்றைய வடிவில் வெளிவந்த லெகோ மனித உருவுக்குக் கழுத்தும் தோளும் மணிக்கட்டும் இடுப்பும் அசையும். முழங்கையும் முழங்காலும் இல்லை. 1989இல் கடற்கொள்ளையர் தொகுதி வெளிவரும்வரை எல்லா உருவங்களுக்கும் ஒரே மஞ்சள் முகமும் ஒரே புன்னகையுமே இருந்தன. கண்ணீர், வியர்வை, மெய்ந்நடுக்கம் எதுவும் இதற்கு இயலாது. இவ்வறுமையே ஒத்துப்போதலைக் காட்ட ஏற்றதாகிறது. மாறாத புன்னகை, எல்லாரும் மகிழ்வதாகக் காட்டிக்கொள்ளும் கூட்டத்தின் முகமாகிவிடுகிறது. உணர்ச்சியைச் சுமப்பவை வேறு மூன்று:

முதலாவது, காலம். யாவரும் ஒரே தாளத்தில் அசையும்போது ஒரு பொம்மை ஆறு படங்களின் அளவு, அதாவது அரை நொடி, நின்றுவிட்டு அசைந்தால் அதற்கு அகம் உண்டாகிவிடுகிறது. தயக்கமே பொம்மையின் முதல் மெய்ப்பாடு.

இரண்டாவது, திசை. எல்லா முகமும் ஒருபுறம் நோக்க, ஒரு முகம் மட்டும் திரும்புதல். பின்னர் ஏனையவை அதனின்று திரும்பிக்கொள்ளுதல். எள்ளலுக்கு வேறு குறி வேண்டுவதில்லை.

மூன்றாவது, இடைவெளி. அருகிருந்த கட்டை ஒரு குமிழ் அளவு விலகினால் அது புறக்கணிப்பு. ஒரு குமிழ் அளவு நெருங்கினால் அது துணை.

பேச்சு சேர்ந்தால் இம்மூன்றும் வலுவிழக்கும். ‘நான் உடன்படவில்லை’ என்று பாத்திரம் கூறிவிட்டால் அந்த அரை நொடித் தயக்கத்தைக் காண்போர் தேடமாட்டார். நார்மன் மெக்லாரனின் ‘அயலார்’ (1952) மனிதரையே பொம்மைபோல் அசைவித்த, பேச்சற்ற படம். ஆயினும் அயலாரை நேசிக்கும் அறிவுரையைப் பல மொழிகளில் எழுதிக்காட்டி முடிகிறது. பூ ஒன்றுக்காக இருவர் அழிந்ததைக் கண்ட பின்னர் அவ்வெழுத்து புதிதாக எதனையும் சேர்க்கவில்லை. சொல்லாது விட்டதைக் காண்போர் நிரப்புதலே உள்ளுறையின் இயல்பு. உவமம் மட்டும் கூறி, உவமிக்கப்படும் பொருளைக் கேட்போர் கருத்துக்கு விடுவது அது. உரையாடலற்ற படம் முழுவதும் ஒரு நீண்ட உள்ளுறை எனலாம்.

6. எளிய கதைப்பின்னல்களின் குறை

இத்தகைய குறும்படங்களுக்கு எளிதில் கைவரும் கதைப்பின்னல்கள் இரண்டு. முதலாவதில், சாம்பல் நிறக் கட்டைகளின் நகரில் வண்ணக்கட்டை ஒன்று தோன்றுகிறது, இகழப்படுகிறது, முடிவில் எல்லாக் கட்டைகளும் வண்ணம் பெறுகின்றன. மகிழ்ச்சியான இம்முடிவு தன் கருத்தையே அழிக்கிறது. முன்னர் எல்லாரும் சாம்பல். இப்போது எல்லாரும் வண்ணம். ஒத்துப்போதல் நீங்கவில்லை, நிறம் மாறியிருக்கிறது. இரண்டாவதில், வேறுபட்ட கட்டை கூட்டத்தை விட்டுத் தனியே வெளியேறுகிறது. இங்குத் தனியன் காக்கப்படுகிறான். கூட்டத்தைப் பற்றிப் படம் ஒன்றும் கூறவில்லை. மேலும், எதனோடும் இணையாத தனிக்கட்டையால் எதனையும் கட்ட இயலாது என்பதைக் காண்போர் கை அறியும்.

இரண்டின் குறையும் ஒன்றே: பொருந்துதல் முழுவதையும் தீமையாகக் கொண்டமை. அதே அசைவு ஒருபொழுது இயைதலாகவும் மற்றொருபொழுது ஒடுங்குதலாகவும் அமையும் சூழலைக் கண்டடைந்தாலன்றி இக்குறை நீங்காது. அத்தகைய சூழலை நெய்தல் நிலத்தின் ஒரு தொழிற்களம் இயல்பாகவே தருகிறது.

7. மரக்காணம் உப்பளம்: ஒரு காட்சித்திட்டம்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், பக்கிங்காம் கால்வாயும் கழுவேலிக் கழிமுகமும் சூழ அமைந்தது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தை இவ்வூரோடு இணைத்துக் காண்பர் அறிஞர். அந்நூலிலேயே, பாண்டிநாட்டுக் கொற்கைப் பகுதியில், உமணரின் உப்பு வண்டிகளோடு வந்த மந்தி, முத்தைக் கிளிஞ்சிலுள் இட்டு உமணச் சிறாரோடு கிலுகிலுப்பை ஆடும் காட்சி உண்டு. உப்பு வாழ்க்கையும் பேச்சற்ற விளையாட்டும் ஒரே சித்திரத்துள் அமைந்த பழைய சான்று அது.

உப்பளத்தின் தோற்றமே கட்டைப்பலகையை ஒத்தது: செவ்வகப் பாத்திகள், அவற்றைப் பிரிக்கும் வரப்புகள், ஒன்றிலிருந்து ஒன்றற்கு நீர் பாயும் வாய்கள். தொழிற்பருவத் தொடக்கத்தில் பாத்தியின் களிமண் தளம் காலால் மிதித்துச் சமன்செய்து இறுக்கப்படுகிறது. தேக்கிய உப்புநீர் வெயிலில் செறிவேறுகிறது. ஏறத்தாழ மூன்றரை போமே பாகையில் உள்ள கடல்நீர் 25 பாகையை நெருங்கும்போது உப்பு படிகமாகத் தொடங்குகிறது. 29, 30 பாகையை எட்டும் முன்னர் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். தவறின் மக்னீசிய உப்புகள் கலந்து விளைச்சல் கசக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் தொழில் நிற்கும்; பாத்திகள் நீரில் மூழ்கும்.

இதனை அடியாகக் கொண்ட ஐந்து நிமிடக் காட்சித்திட்டம் பின்வருமாறு முன்மொழியப்படுகிறது.

தளம், பழுப்புத் தட்டைக்கட்டைகளால் ஆன 24 பாத்திகள். உப்புநீருக்கு ஒளிபுகும் நீலத் துண்டுகள்; உப்புக்கு ஒற்றைக் குமிழ் வெள்ளைத் துண்டுகள்; கசப்புநீருக்கு ஒளிபுகும் மஞ்சள் துண்டுகள். பாத்திக்கு ஒரு மனித உருவம். ஒலி, காலடியும் காற்றும் கட்டைகள் பொருந்தும் ஓசையும் மட்டுமே.

முதற்பகுதி மிதித்தல். எல்லா உருவங்களும் ஒரே தாளத்தில் மிதிக்கின்றன. ஒன்று தாளம் தவறுகிறது. அதன் தளத்தில் ஒரு கட்டை உயர்ந்து நிற்க, நீர் கசிகிறது. அருகில் உள்ளது வந்து தன் தாளத்தைக் காட்டுகிறது, தளம் சமனாகிறது. இங்குப் பொருந்துதல் நன்மை. காண்போரும் அதை விரும்புவர்.

இரண்டாம் பகுதி வாருதல். நீலம் வெள்ளையாகிறது. அதே தாளம், அதே திசை. பின்னர் வெள்ளையினூடே மஞ்சள் தோன்றுகிறது. முன்வரிசை உருவம் வாருவதை நிறுத்தவில்லை; ஆகவே எவரும் நிறுத்தவில்லை. முன்னர்த் தாளம் தவறிய அதே உருவம் இப்போது ஆறு படங்களின் அளவு நிற்கிறது. தன் பாத்தியை நோக்குகிறது. வரப்பிலிருந்து ஒரு கட்டையை எடுத்து மஞ்சளை வடியவிடுகிறது. ஏனைய முகங்கள் திரும்பிக்கொள்கின்றன. அப்போது பக்கத்துப் பாத்தி உருவம் அதே அளவு தயங்கித் தன் வரப்பைத் திறக்கிறது. அதன்பின் இன்னும் இரண்டு, மூன்று திறக்கப்படுகின்றன. எல்லாம் அல்ல.

இறுதிப்பகுதி மழை. நீலம் யாவற்றையும் மூடுகிறது. நீர் வடிந்தபின் கட்டைகள் கழற்றப்பட்டு, அதே கட்டைகளால் வேறு அமைப்பில் பாத்திகள் எழுகின்றன. ஒவ்வொரு வரப்பிலும் திறக்கத்தக்க வாய் ஒன்று இருக்கிறது.

இத்திட்டத்தில் கவனிக்கத்தக்கன மூன்று. ஒன்று, இரு பகுதிகளிலும் கூட்டத்தின் அசைவு மாறவில்லை. நீரின் நிலை மாறியது. காலம் கடந்த ஒருமைப்பாடே ஒடுங்குதலாகிறது. கசப்பு என்னும் உள்ளுறை அதனைச் சொல்லின்றி உணர்த்துகிறது. உள்ளுறைக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளே நிலமாக வேண்டும் என்னும் தொல்காப்பிய வரையறையும் இங்குப் பொருந்துகிறது. மேலிருந்து இறங்கும் கை இல்லை. அழுத்தமும் விடுதலையும் நிலத்திலிருந்தே எழுகின்றன. இரண்டு, திருப்பத்தை உண்டாக்குவது வீரத் தனியன் அன்று, இரண்டாமவர். ஆஷின் சோதனை காட்டிய துணையின் ஆற்றலை அரை நொடித் தயக்கம் ஒன்று புலப்படுத்துகிறது. மூன்று, எல்லாரும் மனம் மாறும் முடிவு தவிர்க்கப்படுகிறது. அதனால் நிறம் மாறிய ஒத்துப்போதலாகப் படம் முடிவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. உப்பளத் தொழிலாளரை ஒரே முகமுடைய பொம்மைகளாக்குவது, அவர்தம் தனித்தன்மையை அழிக்கும் செயலாக மாறக்கூடும். வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைத் தாக்குவதும், உப்புநீரில் நின்று கால் புண்ணாவதும், மழைக்காலத்தில் வருவாய் அறுவதும் உருவகங்கள் அல்ல. உழைப்பை வெறும் உவமமாக்கிய படம், ஒத்துப்போதலைக் கண்டித்துக்கொண்டே மனிதரை ஒரே அச்சில் வார்த்துவிடும். பாத்தியின் நீர்நிலையைக் கண்ணால் அறியும் தொழிலறிவை அவ்வுருவத்திற்கு அளித்தல் இதற்கு ஒரு தீர்வு. வேறுபட்டு நிற்பது அதன் நிறத்தாலோ பிறப்பாலோ அன்று, நீரை அது சரியாக நோக்கியதால். குறள் 423 கூறும் அறிவு அங்கே தொழிலறிவாக நிற்கிறது.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

ஒத்துப்போதல் என்பதனுள் இயைதல், ஒடுங்குதல் என்னும் இரண்டும் அடங்கும். அறிவுடைமை அதிகாரம் உலகோடு பொருந்துதலையும் மெய்ம்மை ஆராய்தலையும் ஒருசேரக் கூறுவது இவ்வேறுபாட்டிற்குத் தமிழ் மரபு தரும் அடிப்படையாகும்.

பொம்மைக்கட்டை பொருந்தியே பயன்படுவது; பசையின்றிப் பிரியத்தக்கது. எனவே பொருந்துதலை முற்றிலும் பழிக்கும் கதைப்பின்னல் இவ்வூடகத்திற்கு ஏலாது. பிரியும் உரிமை உடைய பிணைப்பையும் அஃது அற்ற பிணைப்பையும் வேறுபடுத்துவதே இதற்கு இயல்பான பொருள்.

உரையாடல் நீங்கிய இடத்தில் காலம், திசை, இடைவெளி ஆகிய மூன்றும் மெய்ப்பாட்டைத் தாங்குகின்றன. மெய்ப்பாட்டின் நிலைக்களன்களைக்கொண்டு இப்படங்களைப் பகுக்கும்போது, அச்சம் ஒன்றே ஒத்துப்போதலின் காரணமன்று, எள்ளலும் அதற்கு நிகரான காரணம் என்பது தெளிவாகிறது.

மரக்காணம் உப்பளம் போன்ற தொழிற்களம் உள்ளுறைக்கு உரிய கருப்பொருளை அளிக்கிறது. ஒரே அசைவு முதலில் உப்பை விளைவித்துப் பின்னர் அதனைக் கசக்கச் செய்வதால், கூட்டத்தோடு எப்போது நிற்பது, எப்போது வரப்பைத் திறப்பது என்னும் வினா காண்போரிடம் விடப்படுகிறது. சங்க இலக்கியத்தின் நெய்தற் பாடல்களைக் கற்பிக்கும் வகுப்புகளில் இத்தகைய காட்சித்திட்டங்களை மாணவரே அமைக்கச் செய்தால், உள்ளுறையை இலக்கணக் குறியீடாக மனப்பாடம் செய்யாது, கையால் அமைத்து அறிய வாய்ப்பு உண்டாகும்.